பருப்பு வேகவில்லை, மாவு பொங்கவில்லை, பிள்ளை வாய் திறக்கவில்லை: எங்கே பார்ப்பது?

நான் ஏசி பழுது பார்ப்பவன். "உள்ளே தண்ணி சொட்டுது" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் தண்ணீர் போகும் குழாயில் பாதி நேரம் ஒன்றும் இருக்காது. ஃபில்டரில் ஆறு மாதத் தூசி அடைத்து, காற்று ஓடாமல் காயிலில் பனி கட்டி, அது உருகிச் சொட்டிக்கொண்டிருக்கும். கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு.

சமையலிலும் இதே கதைதான் என்று புரிய எனக்கு நாலு மாதம் பிடித்தது. சின்னவன் பிறந்து ஆறு மாத விடுப்பு முடிந்து மனைவி வேலைக்குத் திரும்பினாள். அவளுக்கு 7.15 ரயில், எனக்கு முதல் அழைப்பு ஒன்பதரைக்கு மேல்தான். அதனால் காலைச் சமையல் என் தலையில் விழுந்தது. அதுவரை எனக்குத் தெரிந்தது ஆம்லெட்டும் நூடுல்ஸும். பெரியவளுக்கு மூன்றரை வயது, சின்னவனுக்கு இப்போது பத்து மாதம். கும்பகோணத்திலிருந்து மாமியார் ஸ்பீக்கரில்.

இதை மேலிருந்து கீழ்வரை படிக்க வேண்டாம். உங்கள் அடுப்பில் இப்போது என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரிசியையும் மாற்றி, தண்ணீரையும் கூட்டி, விசிலையும் குறைத்தால் சாதம் நன்றாகவே வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து.

பருப்பு நாலு விசிலுக்கும் விதை விதையாக நிற்கிறது

என் முதல் தோல்வி. திங்கட்கிழமை, மணி ஏழே முக்கால். நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று துவரம்பருப்பு, தக்காளி, புளிக்கரைசல், உப்பு, முருங்கைக்காய் எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு மூடினேன். நாலு விசில். திறந்தால் காய் நார் நாராகக் கிடக்கிறது, பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது. இன்னும் மூன்று விசில் விட்டேன். காய் காணாமலே போனது. பருப்பை மத்தால் அழுத்தினால் வழுக்கி ஓடியது.

"மாப்பிள்ளை, புளிய எப்ப ஊத்துனீங்க?"

"முதல்லயே ஊத்திட்டேன் அத்தை."

"அப்ப அது சாயங்காலம் வரைக்கும் வேகாது. வச்சிட்டு, பிள்ளைக்கு வேற எதையாவது குடுங்க."

முதலில் பார்க்க வேண்டியது புளிப்புதான். பருப்பின் செல்களைப் பிடித்து ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற ஒரு பசை. சூட்டில் அது கரைந்தால்தான் பருப்பு மலரும். புளியோ தக்காளியோ கூட இருந்தால் அது கரைய மறுக்கும். பருப்பு முழுக்க வெந்து மசிந்த பிறகுதான் புளி. உப்பு அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை. ஆனாலும் நான் பிறகுதான் போடுகிறேன், அளவு பார்க்க வசதி.

புளி போடாமலே வேகவில்லையா? தண்ணீரைப் பாருங்கள். நாங்கள் இருப்பது சென்னைப் புறநகர். குழாயில் வருவது போர் தண்ணீர். பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினை இன்னும் இறுக்கிவிடும். இதை நான் நம்பாமல் ஒரு சோதனை செய்தேன். ஒரே பருப்பு, இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் குடிக்கிற தண்ணீர், இரண்டும் ஒரே குக்கருக்குள். திறந்தபோது குடிதண்ணீர் டம்ளரில் பருப்பு விளிம்பு தெரியாமல் கரைந்திருந்தது. மற்றதில் ஒவ்வொன்றையும் எண்ணலாம். அன்றிலிருந்து பருப்புக்கு மட்டும் கேன் தண்ணீர். கழுவுவதற்கு எந்தத் தண்ணீரும் போதும்.

மூன்றாவது, பருப்பின் வயது. டப்பாவின் அடியில் போன வருடத்துப் பருப்பு கிடந்து, அதன் மேலேயே புதியதைக் கொட்டியிருப்போம். பழசு வேக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். வெந்நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் வழிக்கு வரும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் உடனே வெந்துவிடும், உண்மைதான்; ஆனால் பருப்பிலுள்ள பி1 வைட்டமினைச் சோடா கெடுக்கும். பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் அதைப் பழக்கமாக்க வேண்டாம்.

அளவு: ஒரு டம்ளர் பருப்புக்கு மூன்று டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், நாலு சொட்டு நல்லெண்ணெய். விசிலை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். தீ பெரிதாக இருந்தால் நாலு விசில் ஐந்து நிமிடத்தில் வரும், சின்னதாக இருந்தால் இருபது நிமிடம் ஆகும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து எட்டு நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்கும் வரை காத்திருப்பு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கருக்குள் ஏறக்குறைய 120 வரை போகும். ஆவி அடங்கும் அந்தப் பத்து நிமிடமும் பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கிறது. வெயிட்டைத் தூக்கி அவசரமாக ஆவியை விடுகிறவர் அந்த வேக்காட்டையும் சேர்த்து வெளியே விடுகிறார்.

இன்று அவசரமா? பருப்பை ஆறவிட்டு மிக்ஸியில் ஒரு சுற்று. சுடச்சுட அரைத்தால் மூடி எகிறும். எங்கள் சமையலறைக் கூரையில் அந்த மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது.

குக்கரில் விசிலே வரவில்லை

ஆவி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மூடியின் ஓரத்தில் சுற்றிலும் கசிந்தால் கேஸ்கட். கழற்றி விரலால் அழுத்துங்கள். விறைத்துப்போய், இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாமல் இருந்தால் ஆயுள் முடிந்தது. அவசரத்துக்கு ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்துப் போட்டால் அன்றைய சமையல் ஓடிவிடும். மறுநாள் புதிது வாங்கிவிடுங்கள். தினமும் சமைக்கிற வீட்டில் வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கும் கசியவில்லை, விசிலும் வரவில்லை என்றால் அடுப்பை உடனே அணையுங்கள். வெயிட் உட்காரும் குழலில் பருப்புத் தோலோ அரிசியோ அடைத்திருக்கலாம். முழுக்க ஆறிய பிறகு திறந்து, குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். மூடியில் இன்னொரு பக்கம் இருக்கும் சேஃப்டி வால்வு உருகியிருந்தால், உள்ளே தண்ணீர் வற்றிப்போய் அது தன் கடமையைச் செய்திருக்கிறது. அதே கம்பெனி வால்வையே வாங்கிப் போடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் "ஏதோ ஒண்ணு பொருந்துதே" என்பது கூடாது.

விசிலோடு மஞ்சள் தண்ணீரும் பீய்ச்சி அடித்து அடுப்பெல்லாம் வழிகிறதா? குக்கரை நிரப்பிவிட்டீர்கள். குழம்பு, காய் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. வேகும்போது பெருகும் சாதத்துக்கும் நுரை கட்டும் பருப்புக்கும் பாதி. அதைத் தாண்டக் கூடாது. எண்ணெய் சில சொட்டு விட்டால் நுரை அடங்கும்.

சாதம் ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் நறுக்கென்று இருக்கிறது

அதே டம்ளர், அதே தண்ணீர், ஆனால் சாதம் வேறு என்றால் அரிசி மூட்டை மாறியிருக்கிறது. புது அரிசி குறைவாகத் தண்ணீர் குடிக்கும், பழைய அரிசி நிறையக் குடிக்கும். புழுங்கல் பொன்னிக்கு ஒன்றுக்கு இரண்டரையில் தொடங்குங்கள், பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு. புது மூட்டை பிரித்த முதல் நாள் அரை டம்ளரை மட்டும் வேகவைத்துப் பார்த்து, அளவை மூட்டையின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிடுவேன். குழைந்த சாதம் தயிர் சாதத்துக்கு. நறுக்கென்று இருப்பதற்கு வெந்நீர் தெளித்து, மூடி, சிம்மில் ஐந்து நிமிடம்.

இட்லி மாவு பொங்கவே இல்லை

இதற்குத்தான் நான் அதிகமாக அழுதேன், அழுதேன் என்றால் உள்ளுக்குள். ராத்திரி ஒன்பது மணிக்கு அரைத்து, காலையில் ஆசையோடு மூடியைத் திறந்தால் வைத்தது வைத்தபடி, சலனமே இல்லை. வாசனையும் பச்சை மாவு வாசனை.

காலையில் தெரியும் கோளாறு முந்தின நாள் மதியத்தில் பிறந்தது. மாவைப் பொங்கவைப்பது நாம் கடையில் வாங்கிப் போடும் எதுவும் இல்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியா. அது ஒரு பக்கம் புளிப்பையும் ஒரு பக்கம் வாயுவையும் உண்டாக்கும். அந்த வாயுவைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பிசுபிசுப்பு உளுந்தில் இருக்கிறது. ஆக இரண்டு கேள்வி. பாக்டீரியாவுக்குச் சூடு போதுமா? உளுந்து சரியாக அரைந்ததா?

சூட்டை முதலில் பாருங்கள். மே மாதத்தில் எங்கள் சமையலறையில் ஆறு மணி நேரத்தில் மாவு பாத்திரத்தை விட்டு வெளியே நடந்துவரும். மார்கழியில் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம்கூட ஆகும். குளிர் நாளில் அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து மூடுங்கள். நான் ஒரு தடவை கொதிக்கிற தண்ணீரில் வைத்தேன். ஓரத்து மாவு வெந்து போனதுதான் மிச்சம். விரல் வைத்தால் இதமாக இருக்க வேண்டும், அவ்வளவே. காலையில் பொங்கவில்லை என்று ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அன்றைக்கு உப்புமா செய்துவிட்டு மாவை வெளியிலேயே மதியம் வரை விடுங்கள். பெரும்பாலும் பொங்கிவிடும்.

சூடு போதும் என்றால் உளுந்து. அரைத்த உளுந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் காற்று ஏறியிருக்கிறது. மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். மிக்ஸியில் அரைக்கிறவர்கள் ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரையுங்கள், இல்லையென்றால் ஜார் சூடாகி உளுந்தும் சூடாகும். கிரைண்டரில் நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து தாராளமாகப் போதும். மிக்ஸியில் உளுந்து அவ்வளவு உபரி காணாது, மூன்றுக்கு ஒன்று என்று வையுங்கள். ஒரு டீஸ்பூன் வெந்தயத்தை உளுந்தோடு ஊறப்போட்டால் பிசுபிசுப்பும் கூடும், மாவும் மென்மையாகும்.

அரைத்த இரண்டையும் கையால்தான் கலக்க வேண்டும் என்பார் அத்தை. கையிலுள்ள கிருமியும் சூடும் உதவுமோ என்னவோ, எனக்கு வேறொரு காரணம் பிடித்திருக்கிறது: அடியில் கெட்டியாகத் தங்கிய அரிசி மாவு கரண்டிக்குத் தட்டுப்படாது, கைக்குத் தட்டுப்படும்.

மாவு நன்றாகப் பொங்கியும் இட்லி கல்லாக வருகிறதா? பொங்கிய மாவைப் போட்டு அடித்துக் கலக்கியிருப்பீர்கள். வாயு எல்லாம் போய்விட்டது. மேலிருந்து அள்ளி ஊற்றுங்கள். தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகுதான் தட்டு உள்ளே போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒட்டிக்கொண்டு பிய்ந்தால் அவசரம்தான் காரணம்: இரண்டு நிமிடம் ஆறவிட்டு, தண்ணீரில் நனைத்த கரண்டியால் எடுங்கள்.

தோசை கல்லை விட்டு வர மாட்டேன் என்கிறது

மாவை ஊற்றிக் கரண்டியைச் சுழற்றும்போதே மாவு கரண்டியோடு சுருண்டு வந்தால் கல் அதிகச் சூடு. தண்ணீர் தெளித்துத் துணியால் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். அழகாகப் பரவி, எடுக்கும்போது மட்டும் ஒட்டினால் சூடு போதவில்லை, அல்லது கல் வறண்டிருக்கிறது. முந்தின ராத்திரி அதே கல்லில் சப்பாத்தி போட்டீர்களா? எண்ணெய்ப் பூச்சு காய்ந்து போயிருக்கும். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேயுங்கள். முதல் இரண்டு தோசையைக் காக்காய்க்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

இரும்புக் கல்லைச் சோப்பும் கம்பி நாரும் போட்டு வெள்ளை வெளேர் என்று தேய்த்துவிட்டால் மறுபடி பழக்க ஒரு வாரம் ஆகும். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா அக்கறையாகத் தேய்த்துக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை, நான் சொல்லவில்லை. சப்பாத்திக்குத் தனிக் கல் வாங்கியது நான் செய்த நல்ல செலவுகளில் ஒன்று.

தோசை சிவக்கவே இல்லை, வெளுத்துப்போய் இருக்கிறது என்றால் மாவு ஃப்ரிட்ஜிலிருந்து நேராகக் கல்லுக்கு வந்திருக்கும். அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவையுங்கள். கால் டீஸ்பூன் சர்க்கரை கலந்தால் அன்றைக்குச் சிவக்கும்.

சாம்பாரில் ஏதோ இடிக்கிறது

"ஏதோ" என்றால் பெரும்பாலும் பச்சை வாசனை. புளித்தண்ணீரும் சாம்பார்பொடியும் காயோடு சேர்ந்து நன்றாகக் கொதித்து, வாசனை மாறிய பிறகுதான் வெந்த பருப்பு போக வேண்டும். பருப்பு சேர்ந்ததும் குழம்பு கெட்டிப்பட்டுவிடும்; அதற்குப் பிறகு எவ்வளவு கொதித்தாலும் அடிதான் பிடிக்கும், பொடி வாசனை போகாது.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போடுங்கள், உறிஞ்சிவிடும் என்பார்கள். நானும் போட்டேன். உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தேடித்தேடி உறிஞ்சாது. உப்புத்தண்ணீரைத்தான் உறிஞ்சும், மீதித் தண்ணீர் அதே கரிப்போடு இருக்கும். வெந்த பருப்பும் வெந்நீரும் சேர்த்துக் குழம்பைக் கூட்டுவதுதான் வழி. சாயங்காலத்துக்கும் சாம்பார் ஆயிற்று. புளிப்பு தூக்கலாக இருந்தால் சுண்டைக்காய் அளவு வெல்லம். நீர்த்துப்போனால் ஒரு டீஸ்பூன் அரிசிமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நேராக மாவைத் தூவினால் கட்டி தட்டும்.

ரசம் கசக்கிறது

கொதிக்கவிட்டுவிட்டீர்கள். பொடியும் பருப்புத் தண்ணீரும் சேர்ந்த பிறகு ரசம் தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் வெளிர் மஞ்சளாக நுரை வளையம் ஒன்று எழும். அது நடுவை நோக்கி வந்து மூடும். மூடி, ஒரு தடவை மேலே எழும்பும்போது அடுப்பை அணைக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் போனை எடுக்காதீர்கள், யார் கூப்பிட்டாலும் சரி. நான் வாடிக்கையாளர் ஒருவருக்கு கம்ப்ரசர் விலை சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு தடவை ரசம் கஷாயமாகியிருக்கிறது.

கொதிக்கவே இல்லை, ஆனாலும் கசக்கிறது என்றால் தாளிப்பைப் பாருங்கள். கடுகு வெடித்து அடங்குவதற்குள் காய்ந்த மிளகாய் கறுத்திருக்கும், அல்லது வெந்தயம் தீய்ந்திருக்கும். கருகிய தாளிப்பை "பரவாயில்லை" என்று கொட்டாதீர்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயைப் பார்த்தால் ஒரு சட்டி ரசம் போகும். எலுமிச்சை ரசம் என்றால் சாறு பிழிவது அடுப்பை அணைத்து இறக்கிய பிறகு.

வெண்டைக்காய் வழவழவென்று கூழாகிறது

ஈரம். முழுசாகக் கழுவி, துணியில் ஒற்றி, காயவிட்டு, அப்புறம் நறுக்குங்கள். வதக்கும்போது மூடாதீர்கள். உப்பு கடைசியில். இப்போதே கொழகொழத்துவிட்டதா, ஒரு ஸ்பூன் புளித்தண்ணீர் தெளித்துத் தீயைக் கூட்டுங்கள்.

அடிபிடித்துவிட்டது

கிளறாதீர்கள். கை தானாகக் கரண்டியைத் தேடும், தேடவிடாதீர்கள். அடுப்பிலிருந்து இறக்கி, மேலாக உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடியைச் சுரண்டினால்தான் தீய்ந்த வாசனை முழுக்கப் பரவும். பாலும் பொங்கலும் மறுபடி மறுபடி அடிபிடித்தால் உங்கள் பாத்திரத்தின் அடி மெல்லியது. உங்கள் கவனத்தைத் திட்டிப் பயனில்லை, அடிகனமான பாத்திரம் ஒன்று வாங்குங்கள். எல்லாப் பாத்திரத்தின் அடியும் கரி பிடித்துக் கறுக்கிறது, தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறது என்றால் பர்னர் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. ஆறிய பிறகு கழற்றி ஊறவைத்து ஊசியால் குத்துங்கள். காஸ் வாசனையே வந்தால் அது வேறு கதை: ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் பிள்ளைகளோடு வெளியே வந்து 1906க்குக் கூப்பிடுங்கள்.

தயிர் உறையவில்லை, அல்லது நூல் நூலாக வருகிறது

காலையில் பாலாகவே இருந்தால் உறை ஊற்றியபோது பால் ஆறிப்போயிருந்தது. திரிதிரியாகப் பிரிந்து நீர் கக்கியிருந்தால் பால் கொதிக்கக் கொதிக்க இருந்தபோதே ஊற்றிவிட்டீர்கள். விரலை விட்டுப் பத்து எண்ணும் வரை தாங்க முடிய வேண்டும். ஒரு லிட்டருக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் தயிர் போதும். நூல் நூலாக இழுத்தால் பழைய உறையில் வேறு கிருமி புகுந்திருக்கிறது; அதிலிருந்தே திரும்பத் திரும்ப உறை ஊற்றாமல் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி புதுத் தயிர் வாங்குங்கள்.

பெரியவள் தட்டைத் தள்ளிவிடுகிறாள்

என் சமையல்தான் பிடிக்கவில்லை என்று இரண்டு வாரம் நினைத்தேன். உப்பைக் குறைத்தேன், நெய்யைக் கூட்டினேன், இட்லியை நட்சத்திரமாக வெட்டினேன். அப்புறம் ஒரு நாள் மனைவி கேட்டாள்: "ஏழு மணிக்கு எவ்வளவு பால் குடுக்குற?" ஒரு பெரிய டம்ளர். எட்டு மணிக்கு இட்லி. வயிறு நிறைந்த பிள்ளை எப்படிச் சாப்பிடும்? கோளாறு தட்டில் இல்லை, டம்ளரில். பாலை மாலைக்கு மாற்றினேன். மூன்றாம் நாள் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்து, காரம். பெரியவர்களுக்குச் சமைத்துவிட்டுப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக் காரத்தைக் குறைத்தால் ருசியும் சேர்ந்து போய்விடும். மிளகாய், சாம்பார்பொடி போடுவதற்கு முன்பே, வெந்த பருப்பையும் காயையும் ஒரு கிண்ணத்தில் எடுத்துவையுங்கள். அதற்குத் தனியாக நெய், சீரகம், ஒரு கல் உப்பு. ஒரே அடுப்பு, ஒரே பருப்பு, இரண்டு சாப்பாடு.

புதுக் காயைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினால் அது கடைசித் தீர்ப்பு இல்லை. பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகு வாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. ஒரே ஒரு துண்டு தட்டின் ஓரத்தில் வையுங்கள், கெஞ்சாதீர்கள். பீட்ரூட்டை எங்கள் வீட்டில் ஒன்பதாவது தடவை நக்கினாள். பன்னிரண்டாவது தடவை கடித்தாள். இப்போது உதட்டுக்கு லிப்ஸ்டிக் என்று பூசிக்கொள்கிறாள். முன்னேற்றம்தான்.

சின்னவன் கட்டி தட்டுப்பட்டாலே துப்புகிறான்

இதுவும் நான் உண்டாக்கிய கோளாறு. ஆறு மாதத்தில் தொடங்கும்போது மசித்துக் கொடுத்தது சரி. பயந்துகொண்டு ஒன்பது மாதம் வரை எல்லாவற்றையும் மிக்ஸியில் வழவழவென்று அடித்துக் கொடுத்தேன். மெல்லப் பழகாத வாய்க்குப் பருப்புத் துணுக்கே பாறையாகத் தெரியும். மிக்ஸியை விட்டுவிட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் மசியுங்கள். நான்கு நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் குறைவாக மசியுங்கள். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு, குழைய வேகவைத்து நெய் விட்டால் இதற்கு மேல் வேறு வேண்டாம்.

ஒரு வயது முடியும் வரை உப்பும் சர்க்கரையும் தேவையில்லை. நமக்குச் சப்பென்று இருக்கும், அவனுக்கு இருக்காது. தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவும் வழக்கம் உட்பட: அந்த வயதுக் குடலில் போட்டுலிசம் என்ற ஆபத்தான நோயை உண்டாக்கும் கிருமி அதில் இருக்கலாம். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன் பெரியவளுக்கும் சேர்த்தே தடை. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள்.

ஓங்கரிப்பதையும் அடைத்துக்கொள்வதையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஓங்கரித்தால் சத்தம் வரும், முகம் சிவக்கும், தானே வெளியே தள்ளிவிடும். கையை விட்டுத் தோண்டாதீர்கள். சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல் திணறினால் அடைத்திருக்கிறது. ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்வாக, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பிறகு திருப்பி நெஞ்சின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்தம். வெளியே வரும் வரை மாற்றி மாற்றி, இன்னொருவர் 108க்குக் கூப்பிட. இதைப் படித்தால் போதாது. தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவமனையில் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், செவிலியர் ஒரு பொம்மையை வைத்துப் பத்து நிமிடத்தில் காட்டிக் கொடுத்தார்.

மணி எட்டே கால், எதுவும் தேறவில்லை

மாவு பொங்கவில்லை, பருப்பு வேகவில்லை, ஒன்று அழுகிறது, மற்றது செருப்பைக் கடிக்கிறது. பழுது பார்க்க நேரம் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவல் டப்பாவை எடுங்கள். வாழைப்பழம், துருவிய தேங்காய், வெல்லம் சேர்த்தால் பெரியவளுக்கு ஆயிற்று. சின்னவனுக்கு வெல்லம் இல்லாமல் பழத்தோடு மசித்தது. உங்களுக்குத் தயிரும் ஊறுகாயும். மெல்லிய அவல் என்றால் வடிகட்டியில் போட்டுத் தண்ணீரில் ஒரு அலசு போதும். கெட்டி அவலுக்குத் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் மூடிவைக்க வேண்டும். நான் முதல் நாள் மெல்லிய அவலை ஐந்து நிமிடம் ஊறவைத்தேன்.